எட்டுச் சக்கரச் சத்தம்

பார்சலோனா மெட்ரோவின் கோல்பிளாங்க் நிலையத்தில் படியேறி வெளியே வந்ததும் முதல் வேலை என்ன, ஞாபகம் இருக்கிறதா? மூலைக் கடையில் ஒரு பொட்டலம் பீப்பாஸ் வாங்குவது. உப்பில் வறுத்த சூரியகாந்தி விதை. முன்பல்லால் ஒரு கடி, நாக்கால் ஒரு தள்ளு, தொலி கீழே. அரங்கம் வருவதற்குள் பாதிப் பொட்டலம் காலியாகி உதடெல்லாம் எரியும். மேல்வீட்டுக்காரர் நமக்கு முன்னால் நடப்பார். எல்லோருக்கும் அவர் 'அவி'. கத்தலான்காரர்கள் தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

கால்பந்து நாளில் அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது. காம்ப் நோ மைதானத்துக்குப் போகிற கூட்டம் நம்மைத் தூக்கிக்கொண்டு போய்விடும். சக்கர ஹாக்கி நாளில் தெரு நம்முடையது. அதே பார்சலோனா கிளப், அதே நீலமும் கருஞ்சிவப்பும். நாம் மட்டும் பக்கத்தில் இருக்கும் பலாவ் பிளாவ்கிரானாவுக்குத் திரும்புவோம். 1971-ல் திறந்த அரங்கம், ஏழாயிரத்துச் சொச்சம் இருக்கை. ஒட்டினாற்போல் பனிச்சறுக்குக் கூடம். அந்தக் கதவு திறக்கும்போதெல்லாம் கணுக்காலில் குளிர் வந்து மோதும்.

அவி எப்போதும் ஒரு மணி நேரம் முன்னதாகவே இழுத்துக்கொண்டு போய்விடுவார். பலகை பூட்டுவதைப் பார்க்கத்தான். கூடைப்பந்து, ஹேண்ட்பால், ஃபுட்சால் எல்லாவற்றுக்கும் அதே மரத்தரைதான். ஹாக்கிக்கு மட்டும் நாற்பதுக்கு இருபது மீட்டரில் சுற்றித் தடுப்புப் பலகை வேண்டும். ஆட்கள் ஒவ்வொன்றாய்ச் சுமந்து வந்து பூட்டுவார்கள். ஆட்டம் முடிந்ததும் கழற்றி அடுக்குவார்கள். கல்யாணப் பந்தல் போடுவதையும் பிரிப்பதையும் வேடிக்கை பார்ப்பதுபோல உட்கார்ந்திருப்போம்.

அப்புறம் அந்தச் சத்தம். காலுக்கு நான்கு, ஆளுக்கு எட்டுச் சக்கரம். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று வண்டிபோல. ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். வேகமாய் வந்து சட்டென்று திரும்பும்போது தரையே கிறீச்சென்று அலறும். கூட்டம் குறைவு என்பதால் எல்லாம் கேட்கும். கெட்டிப் பந்து பலகையில் டமாரென்று மோதுவது, கோல்காரர் குந்தியபடியே தன் ஆட்களை அதட்டுவது, பின்வரிசையில் யாரோ தொலி துப்புவது. 1998-ல் கோல்காரராக ஐதோர் எகுர்ரோலா வந்தார். இருபது வருஷத்துக்கு மேல் அந்த வலைக்கு முன்னால் குந்தியிருந்தார். மூட்டில் கட்டிய காப்பு தரையில் உரசுகிற ஒலியை வைத்தே பந்து எந்தப் பக்கம் போகிறதென்று அவி சொல்லிவிடுவார்.

அவர் ஐரோப்பியக் கோப்பையை எண்ணுவது ஒரு தனி ராகம். ரெயுஸ் ஊர்க்காரர்கள் 1967 முதல் 1972 வரை ஆறு தரம் விடாமல் அடித்தார்கள் என்று பெருமூச்சோடுதான் ஆரம்பிப்பார். பிறகு குரல் ஏறும். 1973-ல் நம்முடைய முதல் கோப்பை, அடுத்த வருஷம் இரண்டாவது. 1978-லிருந்து 1985 வரை எட்டு வருஷம், எட்டுக் கோப்பை! ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல் மடக்குவார். எட்டாவது விரலில் நிறுத்தி நம் முகத்தைப் பார்ப்பார், நினைவிருக்கிறதா?

அதற்குப் பிறகு பதினொரு வருஷம் ஒன்றும் இல்லை. தோல் பதனிடுகிற சின்ன ஊர் இகுவலாடா. அந்த ஊர் கிளப் 1993-லிருந்து நான்கு தரம் வரிசையாகத் தூக்கிக்கொண்டு போனது. அவிக்கு அதில் கோபமே கிடையாது. "அந்த ஊர்ப் பிள்ளைகள் நடக்கிறதுக்கு முன்னாடியே சக்கரம் மாட்டிக்கிறாங்க" என்பார். 1997-ல் கோப்பை திரும்பி வந்தபோது மனிதர் சத்தம் போடவில்லை. கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார், நெடுநேரம் துடைத்தார்.

1992 ஒலிம்பிக்கைப் பற்றி மட்டும் அதிகம் பேசமாட்டார். சொந்த ஊரில் சக்கர ஹாக்கியைக் காட்சி ஆட்டமாக வைத்தார்கள். அர்ஜென்டினாவுக்குத் தங்கம், ஸ்பெயினுக்கு வெள்ளி. இனி நிரந்தரமாய்ச் சேர்த்துக்கொள்வார்கள் என்று ஊரே நம்பியது. அப்போது சர்வதேச ஒலிம்பிக் கமிட்டித் தலைவராக இருந்த சமராஞ்சே இந்த ஆட்டத்தில் வளர்ந்தவர்தானே. ஆனால் அத்தோடு சரி.

இப்போதும் எப்போதாவது போகிறேன். ஆட்டம் நிற்கிற ஒவ்வொரு நொடியிலும் ஒலிபெருக்கியில் பாட்டு. காப்பு உரசுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு பார்க்கிறேன், பிடிபடவில்லை. கோப்பை இருபத்திரண்டு ஆகிவிட்டது, கடைசியாக 2018-ல். அவ்வளவையும் மடக்க அவருக்கு விரல் போதாது.

மேல்வீட்டை இப்போது சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடுகிறார்கள். நடுநிசியில் யாராவது சக்கரப் பெட்டியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இழுப்பார்கள். தலைக்கு மேல் கடகடவென்று ஓடி, சுவரோரம் சட்டென்று திரும்பும். தூக்கத்தில் என் கை சட்டைப் பையில் பீப்பாஸைத் தேடுகிறது.