பெட்டகத்தின் உட்புறம்

கடற்கரை ஊரில் வாழ்பவர்க்கு இரும்புப் பீரோ நெடுநாள் உழைப்பதில்லை. உப்புக் காற்றில் அதன் அடித்தகடு பொடிந்து, கதவோரங்களில் துரு ஏறி, நமது கிதாபுகளின் அட்டைகளில் செம்பழுப்புக் கறை படியத் தொடங்கியதைச் சென்ற ஆண்டு கண்டோம். முப்பதாண்டுக் காலமாக ஓதிக் கொடுத்து வரும் கிதாபுகள் அவை. பழைய மர அலமாரி ஒன்று வாங்குவதென்று முடிவு செய்தோம்.

புதிதாகவே செய்வித்தால் என்ன என்று இல்லத்தார் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இன்று கடைகளில் கிடைக்கும் மரத்தூள் பலகை, தடித்த அரபிக் கிதாபுகளின் பாரம் தாங்காது நடுவில் வளைந்து விடுகிறது. முற்றிய தேக்கில் புதிதாகச் செய்விக்க ஓர் உஸ்தாதின் வருவாய் இடம் தராது. இவை நாம் வெளியே சொன்ன காரணங்கள். சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது. அதை அறிந்தவர் நமது ராத்தா ஒருவரே.

நமது வாப்பாவிடம் ஒரு தேக்குப் பெட்டகம் இருந்தது. பாட்டனார் இரங்கூனில் வியாபாரம் செய்த காலத்தில் கப்பலில் கொண்டு வந்தது என்பார்கள். அதன் மூடியின் உட்புறத்தில் வாப்பா அவர்கள் ராத்தாவும் நாமும் பிறந்த நாட்களை, ஹிஜ்ரி ஆண்டும் மாதமும் பிறையும் கிழமையுமாக, அரபுத் தமிழில் கறுப்பு மையினால் எழுதி வைத்திருந்தார்கள். உம்மா முன்பே மறைந்து விட்டார்கள். 1994-இல் வாப்பாவும் மௌத்தான பின், வீட்டை ஒழுங்கு செய்கையில், பெட்டகத்தின் ஒரு காலில் கறையான் ஏறியிருக்கக் கண்டோம். தெருவில் வந்த பழைய சாமான் வியாபாரியிடம் தொள்ளாயிரம் ரூபாய்க்கு அதைக் கொடுத்து விட்டோம். ராத்தா அப்போது மச்சானுடன் கொழும்பில் இருந்தார்கள். நமக்கு அறுநூறு, அவர்களுக்கு முந்நூறு என்று பங்கு பிரித்து அனுப்பினோம்.

கணக்கில் பிழையில்லை. பாகப்பிரிவினைப் பாடத்தை அப்போதே மாணவர்க்கு நடத்தி வந்தவர் அல்லவா நாம்! ஆனால் பலருக்கு உரிய பொருளை ஒருவர் மற்றவரின் சம்மதமின்றி விற்கலாகாது என்பதும் நாமே நடத்திய பாடந்தான். ராத்தா அதைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின், ஹஜ்ஜுக்காகக் கடவுச்சீட்டு எடுக்கப் பிறந்த தேதி கேட்கப்பட்டபோது, “அது மூடியில இருந்துச்சு, தம்பி” என்று மட்டும் சொன்னார்கள். உத்தேசமாக ஒரு தேதி எழுதப்பட்டது.

ஆகவே காரைக்குடிக்குப் புறப்பட்டபோது ராத்தாவையும் அழைத்துக் கொண்டோம். துணைக்கு நமதூர் ஆசாரி ஒருவரும் வந்தார்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக உள்ளன. செட்டிநாட்டு வீடுகளின் தூண்கள், நிலைகள், பெட்டகங்கள், பீங்கான் சாடிகள் எல்லாம் அங்கே வந்து சேர்கின்றன. பர்மாவில் வட்டித் தொழிலும் வாணிகமும் நடத்திய நகரத்தார் அந்நாட்டுத் தேக்கைக் கொண்டு வந்து தம் மாளிகைகளை எழுப்பினர். 1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபோது அவ்வாழ்வு குலைந்தது. சூலியாக்கள் எனப்பட்ட நம் மக்களில் பலரும் அதே பாதையில் அனைத்தையும் விட்டு வந்தவர்களே. பின்னர் ஒரே வீட்டுக்குப் பங்காளிகள் பெருகினர். பேணவும் இயலாது, பிரிக்கவும் இயலாது போன வீடுகள் இறக்கப்பட்டு, மரம் கடைக்கு வந்தது.

பழைய மரத்தைத் தேர்ந்தெடுப்பதில் ஆசாரியிடம் அன்று நாம் ஒரு மாணவரானோம். முன்புறத்தை அவர் பார்க்கவே இல்லை. அலமாரியைச் சுவரிலிருந்து நகர்த்தச் செய்து முதுகைப் பார்த்தார். முதுகுப் பலகை ஒட்டுப் பலகையாக இருந்தால் அது பிற்காலத்தில் சேர்த்தது. கையரத்தால் அறுத்த பலகையில் கோடுகள் நேராக ஓடும். வட்டரம்பத்தால் அறுத்ததில் வில்போல வளைந்திருக்கும். இழுப்பறையை உருவி மூலையைக் காட்டினார். புறாவின் வால்போல விரிந்த பற்கள் ஒன்றோடொன்று கோத்திருந்தன, ஆணியே இல்லை. கையால் வெட்டிய பற்கள் ஒரே அளவாக இருப்பதில்லையாம். கதவுச் சட்டத்தில் மெழுகும் மரத்தூளும் அடைத்த பழைய திருகாணித் துளைகள் தென்பட்டால், அக்கதவு வேறோர் அலமாரிக்குப் பிறந்தது. இப்படி இரண்டு மூன்று உடைந்தவற்றைச் சேர்த்து ஒன்றாக்கி, கறுப்புச் சாயம் ஏற்றி, நூற்றாண்டுப் பொருள் என்று விற்பதும் உண்டு.

உளுப்பைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை என்றார். குண்டூசித் துளைகள் இருக்கலாம். அவற்றின் கீழே மாவுபோலப் புதுத்தூள் உதிர்கிறதா என்பதே கேள்வி. உதிர்ந்தால் பூச்சி உள்ளே உயிருடன் இருக்கிறது. தேக்கின் வைரத்தைக் கறையான் எளிதில் தொடாது. வெளுத்த புறப்பகுதியை விட்டு வைக்காது. அதைக் கேட்டதும் வாப்பாவின் பெட்டகக் கால் நினைவுக்கு வந்தது. ஒரு காலை மாற்றியிருந்தால் போதும்.

தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று நாயகம் (ஸல்) அவர்கள் வியாபாரியைக் கண்டித்த நிகழ்ச்சியை நாம் எத்தனையோ முறை பாடமாகச் சொல்லியிருக்கிறோம். குறையை மறைத்து விற்ற பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை ஃபிக்ஹு கிதாபுகள் விரித்துப் பேசுகின்றன. கைவிட்டுப் பார்ப்பது எப்படி என்பதை அன்றுதான் கற்றோம்.

ஒரு கடையில் கண்ணாடிபோல் மின்னிய இரட்டைக் கதவு அலமாரி நம்மைக் கவர்ந்தது. தட்டுகள் ஒன்றரை அங்குல கனம். கிதாபுகளுக்கென்றே செய்தது போலிருந்தது. ராத்தா கதவைத் திறந்து உட்புறத்தைத் தடவினார்கள்.

“இதுக்குள்ள ஏதாச்சும் எழுதியிருந்துச்சா?”

“ஏதோ அரபு எழுத்து மாதிரி இருந்துச்சும்மா. கடற்கரைப் பக்கமிருந்து தரகர் கொண்டாந்தது. உப்புத்தாள் போட்டுச் சுத்தமா எடுத்தாச்சு. இப்ப பாருங்க, புதுசு மாதிரி” என்றார் கடைக்காரர்.

அவர் மீது குற்றமில்லை. வாங்குவோர் அதைத்தான் விரும்புகிறார்கள். அது நம் வீட்டுப் பொருளுமன்று. நமது பெட்டகம் மேலே திறப்பது. எனினும் ராத்தா கதவை மெல்லச் சாத்தி விட்டு அப்பால் நடந்தார்கள்.

கடையின் பின்கட்டில், பாலிஷ் காணாத ஒன்று நின்றது. பித்தளைக் கைப்பிடி ஒன்று இல்லை. ஒரு கதவு தொங்கியது. உட்புறத்தில் யாரோ ஓர் ஆச்சி பென்சிலால் எழுதிய பால் கணக்கு. ஆசாரி முதுகையும் மூலைகளையும் பார்த்துத் தலையசைத்தார். யார் வீட்டுப் பொருள் என்று கேட்டோம். “வீட்டை இறக்கும்போது வாங்குனது, பாய். பங்காளிக அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டாங்க. வெளிநாட்டுல இருந்த பொண்ணுகூட வந்து போட்டுட்டுப் போச்சு” என்றார். ராத்தா நம்மைப் பார்க்கவில்லை. அதையே விலை பேசினோம்.

வீட்டுக்குக் கொணர்ந்த பின் ஆசாரி சொன்னவை சில: ஈரத்தரையில் நேராக வைக்கலாகாது, கால்களுக்குக் கல் கொடுக்க வேண்டும். சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வைத்தால் காற்றோடும். மழைக்காலத்தில் கதவு இறுகும். அப்போது இழைத்து விட்டால் கோடையில் இடைவெளி விழும், பொறுத்திருக்க வேண்டும். வேப்பிலையும் வசம்பும் நம் இல்லத்தாரின் ஏற்பாடு. ஏடு அரிக்கும் இராமபாணப் பூச்சிக்கு அவை போதுமா என்பதில் நமக்குச் சிறிது ஐயம் உண்டு. மாதமொருமுறை கிதாபுகளை எடுத்துத் தட்டி வைக்கிறோம்.

சொல்லாராய்ச்சி நமது பழைய நோய். பெட்டிக்கு அரபியில் ‘ஸுன்தூக்’ என்பர். அச்சொல் நம் தமிழில் ‘சந்தூக்’ ஆகி, ஜனாஸாவைச் சுமக்கும் பெட்டிக்கு உரியதாயிற்று. மூஸா நபி (அலை) அவர்களைத் தாயார் வைத்து ஆற்றில் விட்ட பேழையைக் குர்ஆன் ‘தாபூத்’ என்கிறது. இன்றைய அரபியில் அதுவும் சவப்பெட்டியே. இதை ராத்தாவிடம் சொன்னபோது, “அப்ப பொறந்தத எங்கே எழுதறதாம்?” என்று கேட்டார்கள்.

பால் கணக்கை அழிக்கவில்லை. மற்றக் கதவின் உட்புறத்தில் நாணல் பேனாவும் மையும் கொண்டு எழுத அமர்ந்தோம். ராத்தாவின் பெயரை முதலில் எழுதி, நாளைக் கேட்டோம்.

“ரபீஉல் ஆகிர் மாசம். வெள்ளிக்கிழமைன்னு உம்மா சொல்லுவாங்க. பிறை எத்தனைன்னு தெரியல, தம்பி.”

மாதத்தையும் கிழமையையும் எழுதினோம். நடுவே பிறைக்கு இடம் விட்டிருக்கிறோம்.