எத்தனை பேர்?

எங்கள் ஊர் நிலாவெளியில் குகை இல்லை. மலை என்று பெயர் சொல்ல எங்களுக்கு இருப்பது புறாமலை ஒன்றுதான். அதுவும் கடலுக்குள் இருக்கிறது. மணலையும் தென்னையையும் பார்த்து வளர்ந்த எனக்குக் குகை என்றதும் ஞாபகம் வருவது, வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் ஓதும் சூறத்துல் கஹ்பு மட்டுமே. 2018ஆம் ஆண்டில்தான் ஓர் உண்மையான குகை, தொலைக்காட்சி வழியாக எங்கள் வீட்டுக்குள் வந்தது.

அப்போது எனக்குப் பத்து வயது. நோன்புப் பெருநாள் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. தாய்லாந்தின் சியாங் ராய் மாகாணத்திலுள்ள தாம் லுவாங் குகைக்குள், ஜூன் 23ஆம் திகதி 12 சிறுவர்களும் அவர்களுடைய உதைபந்தாட்டப் பயிற்றுநரும் சென்றார்கள். மழை பெய்து குகைக்குள் வெள்ளம் புகுந்தது. வெளியே வர வழியில்லை. ஒவ்வொரு நாளும் மஃரிபுக்குப் பிறகு நாங்கள் செய்தியின் முன்னால் உட்கார்ந்துவிடுவோம்.

ஜூலை 2ஆம் திகதி, குகை வாயிலிலிருந்து சுமார் 4 கிலோமீற்றர் உள்ளே அவர்களைக் கண்டுபிடித்தவர்கள் இரண்டு பிரித்தானியர்கள். ரிக் ஸ்டான்டன் ஓய்வு பெற்ற தீயணைப்பு வீரர். ஜோன் வொலந்தன் கணினித் துறையில் வேலை செய்பவர். இருவருமே இராணுவத்தினர் அல்லர். விடுமுறை நாட்களில் குகைகளுக்குள் போய்வருவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள். "இதெல்லாம் ஒரு பொழுதுபோக்கா?" என்று எத்தனை பேர் அவர்களைக் கேட்டிருப்பார்களோ!

அந்தக் காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ரோர்ச் வெளிச்சத்தில் மெலிந்த சிறுவர்கள் தெரிகிறார்கள். "நீங்கள் எத்தனை பேர்?" என்று வொலந்தன் கேட்கிறார். "பதின்மூன்று" என்று பதில் வருகிறது. எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள்! வாப்பா "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். உம்மா மட்டும் சட்டென்று எழுந்து குசினிக்குள் போய்விட்டார்.

காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் வந்தபோது உம்மா கலியாணம் முடிக்காத பெண். எல்லோரும் உள்பக்கமாக ஓடினார்கள். தண்ணீர் வற்றியபின் உம்மும்மா பிள்ளைகளை நிறுத்தி எண்ணினாராம். ஒருவர் குறைந்தார். அவர் உம்மாவின் தம்பி, எங்கள் சின்ன மாமா. அதற்குப் பிறகு உம்மும்மா திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டே இருந்தாராம். இன்றும் இரவில் கதவைப் பூட்டுமுன் உம்மா வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்ப்பார். நான் அதைச் சுத்தம் பார்ப்பது என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தேன்.

பெரிய மாமா கடலட்டைக்குச் சுழியோடுபவர். "மாமா, நீங்க போயிருந்தா அந்தப் பிள்ளைகளக் கொண்டு வந்திருப்பீங்களா?" என்று அந்த நாட்களில் நான் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். "ஏலாது மகள். கடலுக்குள்ள பயம் வந்தா மேல வரலாம். குகைக்குள்ள மேல பார்த்தாலும் கல்லுதான். வந்த வழியாத்தான் திரும்பிப் போகணும். அது வேற படிப்பு."

அந்த வேறு படிப்பைப் படித்தவர்கள்தான் ஜூலை 8, 9, 10ஆம் திகதிகளில் நான்கு, நான்கு, ஐந்து பேராக எல்லோரையும் வெளியே கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பே, குகைக்குள் காற்றுச் சிலிண்டர்களை வைத்துவிட்டுத் திரும்பிய சமான் குனான் என்ற முன்னாள் கடற்படை வீரர் உயிரிழந்திருந்தார்.

உயர்தரத்தில் புவியியலை எடுத்த பிறகு, குகைகளைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். மழைநீர் காபனீரொட்சைட்டைச் சேர்த்துக்கொண்டு மென்மையான அமிலமாகிச் சுண்ணக்கல்லைக் கரைப்பதால் பெரிய குகைகள் உண்டாகின்றன. நமது நாட்டின் பெரும்பகுதி பழைமையான உருமாறிய பாறை. அதனால் இங்கே நீண்ட சுரங்கம் போன்ற குகைகள் குறைவு. யாழ்ப்பாணத்தில் சுண்ணக்கல் உண்டு. நிலாவரைக் கிணறு அப்படிக் கரைந்து உண்டானதே.

இந்தியாவின் மேகாலயா மாநிலத்தில் மேகாலயா சாகசக்காரர் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. 1992 முதல் உள்ளூர்க்காரர்களும் வெளிநாட்டுக் குகை ஆர்வலர்களும் சேர்ந்து, வெள்ளம் வராத வறண்ட மாதங்களில் குகைகளுக்குள் இறங்குகிறார்கள். இதுவரை 400 கிலோமீற்றருக்கும் அதிகமான குகைவழிகளை அளந்து வரைபடமாக்கியிருக்கிறார்கள். காசி மொழியில் 'கிரெம்' என்றால் குகை. அங்குள்ள கிரெம் லியாட் பிரா 30 கிலோமீற்றருக்கும் அதிக நீளமானது. ஒருவர் அளவு நாடாவைப் பிடிக்க, ஒருவர் திசைகாட்டியைப் பார்க்க, இன்னொருவர் சேறு படிந்த கொப்பியில் எழுதுவார். இப்படி அடியடியாக அளந்தே அந்தப் படங்கள் உருவாயின. இப்போது லேசர் கருவிகளும் வந்துவிட்டன.

ஆனால் என்னைக் கவர்ந்தவை குகைக் கழகங்களின் ஒழுங்குமுறைகளே. தனியாகப் போகக்கூடாது. ஒவ்வொருவரிடமும் மூன்று விளக்குகள் இருக்க வேண்டும். குழுவில் மிக மெதுவாக நடப்பவரின் வேகமே எல்லோருக்கும் வேகம். எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கே போகிறோம், எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை வெளியே ஒருவரிடம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே இறங்க வேண்டும். சொன்ன நேரம் கடந்தால் அவர் தேடுதலுக்கு ஆள் அழைப்பார். சாகசம் என்று நான் நினைத்தது, உண்மையில் வீட்டுக்குத் திரும்பி வருவதைப் பற்றிய கவனமாக இருந்தது.

கடந்த பெப்ரவரியில் எமது புவியியல் களப்பயணம் அறிவிக்கப்பட்டது. இரண்டு இரவுகள் தங்க வேண்டும். இரத்தினபுரி மாவட்டத்தில் எம்பிலிப்பிட்டிப் பக்கமுள்ள வவுல்பனே சுண்ணக்கல் குகையும் பட்டியலில் இருந்தது. "அவ்வளவு தூரம் போய் அந்த இருட்டுக்குள்ள என்ன தேடப் போறீங்க மகள்?" என்றார் உம்மா. வாப்பா அனுமதிக் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு, "உம்மா ஓம் எண்டா நானும் ஓம்" என்றார்.

நான் அழவில்லை, வாதாடவும் இல்லை. கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினேன். போகும் இடங்கள். மாணவிகள் 31, ஆசிரியைகள் 3. பொறுப்பாசிரியையின் தொலைபேசி இலக்கம். குகைக்குள் போகும் நேரம், வெளியே வரும் நேரம். ஞாயிறு இரவு 9 மணிக்கு வீட்டில் இருப்பேன். 10 மணி தாண்டினால் இந்த இலக்கத்துக்கு எடுங்கள். உம்மா அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு கலண்டரில் குத்தி வைத்தார். மறுநாள் கடிதத்தில் கையெழுத்து இருந்தது.

சிங்களத்தில் 'வவுலா' என்றால் வௌவால். குகை வாயிலை நெருங்கும்போதே அந்தப் பெயரின் காரணம் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே நீரோடை. தலைக்குமேல் ஆயிரக்கணக்கான வௌவால்களின் கீச்சொலி. கூரையிலிருந்து சுண்ணக்கல் விழுதுகள் தொங்கின. "தொடாதீங்க பிள்ளைகள், விரல் நீளம் வளரவே எத்தனையோ தலைமுறை எடுக்கும்" என்றார் ரீச்சர். ஒரு நிமிடம் எல்லா விளக்குகளையும் அணைக்கச் சொன்னார். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுபோல இருந்த அந்த இருட்டில், பக்கத்தில் நின்றவளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

ஒழுங்குமுறைகளைப் பற்றி அதிகம் பேசியதால் எண்ணும் வேலை எனக்கே கிடைத்தது. வெளியே வந்ததும் மாணவிகளை எண்ணினேன். முப்பது! மீண்டும் எண்ணினேன். முப்பதுதான். உள்ளே போகும்போது ரீச்சர் எண்ணியது 31. தொண்டை வறண்டது. குகை வாயிலை நோக்கித் திரும்பி ஓடப் பார்த்தேன். அப்போது ஒரு தோழி சிரித்துக்கொண்டே என் தோளில் தட்டி, "முப்பத்தொண்டு" என்றாள். பரமார்த்த குருவின் சீடனைப்போல நான் என்னை எண்ண மறந்திருந்தேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. அந்த ஒரு நிமிடத்தைத்தான் உம்மா இருபது வருடங்களாகச் சுமக்கிறார் என்று அப்போது விளங்கியது. கஹ்பு சூறாவிலும் அந்த இளைஞர்கள் எத்தனை பேர் என்று மக்கள் தர்க்கிக்கும் இடம் வருகிறது. சரியான தொகையை அல்லாஹ்வே நன்கறிவான். எங்கள் சின்ன மாமாவும் அவனுடைய கணக்கில் இருக்கிறார் என்று உம்மா சொல்வதுண்டு.

ஞாயிறு இரவு 8.40க்கு வீட்டு வாசலில் இறங்கினேன். உம்மா கதவடியில் நின்றார்.

"எத்தனை பேர் போனீங்க?"

"முப்பத்திநாலு."

"எத்தனை பேர் வந்தீங்க?"

"முப்பத்திநாலு, உம்மா."

கலண்டரிலிருந்து தாளைக் கழற்றி, மடித்து, அலுமாரிக்குள் வைத்தார். பரீட்சை முடிந்ததும் இன்னொரு குகையைப் பார்க்கப் போகலாமா என்று இன்னும் கேட்கவில்லை. கேட்பேன். அதற்கிடையில் வீட்டில் ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. காக்கா இரவில் கடலுக்குப் போகும்போது, யாருடைய தோணி, எத்தனை பேர், எத்தனை மணிக்குக் கரை என்று ஒரு துண்டில் எழுதிக் கலண்டரில் குத்திவிட்டுத்தான் போகிறார். கேட்டு வாங்குவது உம்மா.