கொல்லை விளக்கு

மறதிநோயுற்ற முதியோர் ஆடையிலேயே சிறுநீர் கழித்துவிட்டால், வேண்டுமென்றே செய்கிறார் என்று சினப்போர் உண்டு. மூளையின் முன்பகுதி நலியும்போது அடக்கும் ஆற்றல் குறைகிறது. கழிப்பறைக்குச் செல்லும் வழியும் மறந்துபோகிறது. வேண்டுமென்று செய்யும் வலிமை அவர்களுக்கு ஏது? 2023-இல் வெளியான மதிப்பீட்டின்படி, இந்தியாவில் அறுபது வயது கடந்தோருள் ஏறத்தாழ 88 இலட்சம் பேர் இந்நோயுடன் வாழ்கின்றனர்.

ஆர்.கே.பேட்டையில் தறியோசைக்கு நடுவே வாழ்ந்தவர் எங்கள் அன்னையார். ஆந்திர எல்லையோர ஊர். தெலுங்கே அவர்தம் தாய்மொழி. பின்னாளில் கற்ற தமிழ் முதலில் உதிர்ந்தது; தெலுங்கும் இப்போது அருகிவிட்டது. புடவைக் கொசுவத்தை அவர் திருகத் தொடங்கினால் அதுவே அழைப்பு. இரண்டு மணிக்கொருமுறை கைப்பிடித்துக் கொல்லைக்கு அழைத்துச் செல்கிறோம். அங்கே இரவெல்லாம் விளக்கு எரிகிறது. மின்கட்டணம் பற்றி உறவினர் கேட்பதுண்டு, கேட்கட்டும்.

தண்ணீரைக் குறையுங்கள் என்று அண்டை வீட்டார் அன்போடு சொல்வர். குறைத்தால் சிறுநீர் செறிந்து பையை உறுத்தும், மலச்சிக்கல் சேர்ந்து தொல்லையைப் பெருக்கும், தொற்றுக்கும் இடமாகும். திடீரெனக் குழப்பம் மிகுந்தால், நோய் முற்றிவிட்டது என்று கைவிடாமல் மருத்துவரிடம் காட்டிச் சிறுநீரையும் சோதித்தல் நன்று. முதியோரிடம் காய்ச்சலின்றியே தொற்று அவ்வாறு வெளிப்படுவதுண்டு. சென்ற மாதம் அன்னையாருக்கு அதுவே நேர்ந்தது. மருந்து தொடங்கிய நான்காம் நாள், தெலுங்கில் தண்ணீர் கேட்டார்.