ஒரு யுத்தச் சித்திரத்தின் விலை

"ஏனுங்க ஐயா, பிரதிக்கே இத்தனை விலையானால் அசலுக்கு என்ன விலைங்க?" என்று கேட்டான் நம் வகுப்பு மாணவன் ஒருவன்.

கேள்வி பிறந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறோம். 1780-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் தேதி, காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள புள்ளலூரில் ஹைதர் அலியும் அவர் மைந்தர் திப்புவும் கும்பெனிப் படையை முறியடித்தார்கள். அந்த யுத்தத்தைக் காட்டும் படம் ஒன்று, 2022-ஆம் ஆண்டு மார்ச் மாதம் லண்டன் ஸாதபீஸ் ஏலத்தில் 6,30,000 பவுனுக்குப் போயிற்று. பத்துக் காகிதத் தாள்களில், ஏறக்குறைய 32 அடி நீளத்துக்கு எழுதிய படம் அது. ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சுவர்ச் சித்திரத்தின் பிரதி. மற்றொரு பிரதி 2010-ஆம் ஆண்டில் 7,69,250 பவுனுக்கு விலைபோயிருக்கிறது. இதை நாம் வகுப்பில் சொல்லப்போகத்தான் பையன் மேற்படி கேள்வியைப் போட்டு மடக்கினான். அசலையே பார்த்துவிட்டுப் பதில் சொல்வது என்று தீர்மானித்து, கோடை விடுமுறையில் பன்னிரண்டு மாணவர்களுடன் கோயமுத்தூரிலிருந்து பிரயாணப்பட்டோம்.

புறப்படும்போதே கோட்டைமேட்டைக் காட்டினோம். கோட்டை இல்லை, பெயர் இருக்கிறது, சங்கமேசுவரர் கோயில் இருக்கிறது. 1790-இல் கும்பெனியார் இக்கோட்டையைப் பிடித்தார்கள். மறு வருஷமே மைசூரார் மீட்டுக்கொண்டார்கள். 1799-இல் திப்பு வீழ்ந்த பிறகுதான் கோயமுத்தூர் நிலையாக வெள்ளையர் கைக்குப் போயிற்று. ஆகவே புள்ளலூர் யுத்தம் நடந்த காலத்தில் நம் கொங்குச் சீமை மைசூர் ராஜ்யத்தைச் சேர்ந்திருந்தது என்பதை நேயர்கள் நினைவில் வைக்கவேண்டும்.

அன்னூர், புளியம்பட்டி வழியாகச் சத்தியமங்கலம் சேர்ந்தோம். 1790 செப்டம்பரில் திப்புவின் படை கஜ்ஜல்ஹட்டிக் கணவாய் வழியே இறங்கி வந்து, கர்னல் பிளாய்டின் சேனையோடு பொருதது இங்கேதான். கணவாயின் அடிவாரத்தில் நின்ற டணாயக்கன் கோட்டை இப்போது பவானிசாகர் நீருக்குள் கிடக்கிறது. அணையில் நீர் வெகுவாக வற்றினால் அங்குள்ள பழைய பெருமாள் கோயில் தலை காட்டும். பண்ணாரியில் அம்மனைத் தொழுதுவிட்டு, திம்பம் மலைப்பாதையின் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏறினோம். மோட்டாரிலேயே தலை சுற்றுகிறதே, குதிரையும் பீரங்கியுமாய் மலை இறங்கியவர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று பையன்கள் வியந்தார்கள்.

சாமராஜநகரும் மைசூரும் கடந்து ஸ்ரீரங்கப்பட்டணம் போய்ச் சேர்ந்தோம். காவிரிக் கரைச் சோலையில் இருக்கிறது தரியா தௌலத் மாளிகை. 1784-இல் திப்பு கட்டியது. அதன் மேற்குச் சுவரில் யுத்தம் நடந்துகொண்டே இருக்கிறது! வரிசை வரிசையாகக் குதிரை வீரர்கள் பாய்கிறார்கள். வெடிமருந்து வண்டி தீப்பற்றிச் சிதறுகிறது. சதுர வியூகத்தின் நடுவே, காயமுற்ற கர்னல் பெய்லி பல்லக்கில் செயலற்று உட்கார்ந்திருக்கிறார். திப்புவோ, தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க வந்தவர்போல, ரோஜா மலர் ஒன்றை முகர்ந்துகொண்டிருக்கிறார். சைத்ரிகரின் குறும்பை என்னென்பது!

இனி அசலின் கதையைக் கேளுங்கள். 1799 முற்றுகைக்கு முன்பே இச்சித்திரம் சிதைக்கப்பட்டிருந்தது. பட்டணம் வீழ்ந்தபின் இந்த மாளிகையில் தங்கிய ஆர்தர் வெல்லெஸ்லி, பிற்காலத்தில் வெல்லிங்டன் பிரபு ஆனவர், அதைச் செப்பனிடச் செய்தார். மறுபடியும் அது மங்கிப்போக, 1850-களில் கவர்னர் ஜெனரல் டல்ஹவுஸி புதுப்பித்து எழுதும்படி உத்தரவிட்டார். தங்கள் தோல்வியைக் காட்டும் படத்தை வெள்ளையரே இரு முறை காப்பாற்றியிருக்கிறார்கள்! நாடு கைக்கு வந்தபின் பழைய தோல்வி வேடிக்கைப் பொருளாகிவிட்டது போலும்.

ஆகவே, இன்று நாம் காணும் வர்ணம் எல்லாம் திப்புவின் சைத்ரிகர் தீட்டியதன்று. பழைய பிரதிகளுக்கு மதிப்பு ஏற்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். சுவரில் பிறர் கை பட்ட இடங்களை ஒத்துப்பார்க்க அவை சாட்சியாக நிற்கின்றன. அசலுக்கோ விலையே இல்லை. சுவரைப் பெயர்த்து ஏலத்துக்குக் கொண்டுபோவார் யார்? இதுதான் பையனுக்கு நாம் சொன்ன பதில்.

ஆனால் அவன் அதோடு விடவில்லை. "இத்தனை குதிரைக்காரர்களில் நம்மூர்க்காரர் யாருங்க?" என்றான். நாம் சிறிது நேரம் பேசாமல் நின்றோம். சுவரில் அத்தனை வீரர்களுக்கும் ஒரே முகம், ஒரே மீசை. எந்தச் சீமையான், எந்த ஊரான் என்று பிரித்துச் சொல்ல இயலாது.

திரும்பும் வழியில் தீரன் சின்னமலையின் பேச்சு எழுந்தது. மைசூருக்குப் போன வரிப்பணத்தை வழிமறித்தவர் என்றும், பின்னர் திப்புவோடு சேர்ந்து கும்பெனியை எதிர்த்தவர் என்றும் கொங்கு நாட்டார் அவரைப் பற்றிச் சொல்லுவார்கள். திப்பு மாண்ட பிறகும் ஓடாநிலையில் கோட்டை கட்டிப் போராடி, 1805 ஜூலை 31-இல் சங்ககிரியில் தூக்கு மேடை ஏறினார். 2005-இல் அவருக்குத் தபால் தலை வெளியாயிற்று. குதிரைமேல் அவர் அமர்ந்த படங்களும் சிலைகளும் பிற்காலத்தார் கற்பனையில் எழுந்தவை. வென்ற அரசனுக்குச் சுவரும் சைத்ரிகரும் வாய்த்தார்கள். பாளையக்காரருக்குக் கிழவிகள் சொல்லும் கதைகளே வாய்த்தன. கதைகளைச் செப்பனிட எந்தப் பிரபுவும் உத்தரவிடப் போவதில்லை.

"எங்க அப்பத்தா சின்னமலை கதை சொல்லுமுங்க. எழுதி வைக்கட்டுங்களா?" என்று கேட்டான் அதே பையன்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று நாற்பது பக்க நோட்டு ஒன்று நம் மேஜைமீது இருந்தது. அதில் பதினொரு பக்கம் நிரம்பியிருக்கிறது. மிச்சத்தையும் அப்பத்தாவிடம் கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறோம்.