லியூஹோவின் இரண்டு புள்ளிகள்

நியூயார்க் நகரத்தில் கிழக்குப் பதினான்காவது தெரு, 110-ம் நம்பர் வாசலில் நாம் வெகு நேரம் நின்றோம். இன்று அங்கே இருப்பது நியூயார்க் சர்வகலாசாலையின் மாணவர் விடுதி. உள்ளிருந்து வந்த பிள்ளைகளிடம் லியூஹோ போஜனசாலையைப் பற்றி விசாரித்தோம். எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள். நூறு வருஷ காலம் ஊரையே கூட்டி வைத்து விருந்திட்ட இடம்!

ஹானோவரிலிருந்து 1879-ல் கப்பலேறி வந்தவர் அகஸ்ட் லியூஹோ. இதே இடத்திலிருந்த பீர்க் கடையில் பரிமாறுகிறவராகச் சேர்ந்தவர், 1882-ல் அந்தக் கடையையே வாங்கிவிட்டார். பணம் கொடுத்து உதவியவர் எதிர்சாரியில் சங்கீத மண்டபம் வைத்திருந்த பியானோ வியாபாரி வில்லியம் ஸ்டைன்வே. அவரும் ஜெர்மானியரே, ஸ்டைன்வெக் என்ற குடும்பப் பெயரை அமெரிக்க நாவுக்கு ஏற்றபடி முன்பே மாற்றிக்கொண்டவர்கள். கச்சேரி முடிந்ததும் வித்வான்கள் தெருவைக் கடந்து லியூஹோவுக்குச் சாப்பிட வருவார்கள். மான் தலைகள் தொங்கும் மரச் சுவர்களும், பெரிய பெரிய கண்ணாடிகளும், வுர்ட்ஸ்பர்க்கிலிருந்து வரும் பீரும் அந்த இடத்தின் பிரசித்தி. புளிக்காடியில் நாட்கணக்காக ஊறிய மாமிசப் பக்குவமும் அங்கே பேர்போனது. (நமக்கு அதில் ருசி இல்லை, கேள்விப்பட்டதைச் சொல்கிறோம்.)

1917-ல் அமெரிக்கா ஜெர்மனியோடு யுத்தத்தில் இறங்கிற்று. எம்டன் கப்பல் 1914-ல் சென்னையில் குண்டு போட்டபோது நம்மவர் அஞ்சி ஓடியதாவது நியாயம். அமெரிக்கரோ அண்டை வீட்டுக்காரனின் பாஷைக்கே அஞ்சினார்கள். முட்டைக்கோஸ் ஊறுகாய்க்கு 'சுதந்திர முட்டைக்கோஸ்' என்று பெயர் சூட்டினார்கள். நெப்ராஸ்காவில் ராபர்ட் மேயர் என்ற உபாத்தியாயர், பத்து வயதுப் பிள்ளைக்கு ஜெர்மன் வாசிக்கக் கற்றுக்கொடுத்த குற்றத்துக்காக 25 டாலர் அபராதம் விதிக்கப்பட்டார். அந்தத் தண்டனையை சுப்ரீம் கோர்ட் 1923-ல்தான் தள்ளிற்று. இதைப் படித்தபோது, அதே தொழிலில் இருக்கும் நமக்கு நெஞ்சு சுருக்கென்றது.

லியூஹோ என்ன செய்தார்? தம் பெயரில் 'யூ' எழுத்தின் தலைமேலிருந்த இரண்டு புள்ளிகளையும் எடுத்துவிட்டார். புள்ளி போனால் எழுத்தே வேறாகிவிடும் என்பது தமிழ் படித்தவர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. புள்ளியற்ற பெயரைப் பார்த்துச் சிலர் சீனத்துச் சாப்பாட்டுக் கடை என்று எண்ணி நுழைந்தார்களாம்! லியூஹோ 1923-ல் காலமானார். 1950-ல் கடையை வாங்கிய ஜான் மிட்செல் என்பவர்தான் பிறகு அந்தப் புள்ளிகளைத் திரும்பச் சேர்த்தார். கடை 1982-ல் பிராட்வேக்குப் பெயர்ந்து, அங்கே நெடுநாள் நிலைக்கவில்லை. பழைய கட்டடம் தீப்பட்டு, 1995-ல் இடிபட்டது.

சற்றுத் தள்ளி ஒரு பழம் பொருள் கடையில் பீங்கான் தட்டொன்று கண்டோம். லியூஹோவின் தட்டு என்று வியாபாரி சாதித்தார். பின்புறம் 1871-ல் ஸிரக்யூஸ் ஊரில் தொடங்கிய ஒனண்டாகா கம்பெனியின் முத்திரை இருந்ததே தவிர, போஜனசாலையின் பெயர் எங்குமில்லை. ஆனால் உண்மையான ஹோட்டல் பீங்கான்தான். கையில் எடுத்தால் கனக்கிறது. மண் கண்ணாடியாக இறுகும்வரை சூளையில் சுட்டது, தண்ணீரை உறிஞ்சாது. அடுக்கும்போது சிதறாமலிருக்க விளிம்பை உருட்டித் தடிப்பாக்கியிருக்கிறார்கள். பச்சைக் கோடு மெருகுக்கு அடியில் இருப்பதால், எத்தனையோ கத்திகள் உராய்ந்தும் அழியவில்லை.

நாற்பது டாலர் என்றார், முப்பதுக்குப் படிந்தது. மாமிசம் பட்ட தட்டென்று நம் வீட்டில் அதைச் சமையலறைப் பக்கம் அண்டவிடவில்லை. இப்போது மேஜைமேல் சாக்குக்கட்டிகளைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.