விளைகளும் வீட்டு அடுப்பும்

நாகர்கோவிலிலிருந்து மேற்கு நோக்கித் திருவனந்தபுரம் செல்லும் நெடுஞ்சாலையில் பயணம் செய்வோர், தக்கலையை நெருங்கும்போது நிலத்தின் முகமே மாறிவிடுவதைக் காணலாம். கிழக்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம் பகுதிகளில் பரந்து கிடப்பவை நாஞ்சில் நாட்டு நெல்வயல்கள். பழையாற்று நீரும், 1906-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற பேச்சிப்பாறை அணையின் நீரும் அவற்றை வாழ்விக்கின்றன. மேற்கே பழைய கல்குளம், விளவங்கோடு வட்டங்களிலோ வயல்கள் சுருங்கி, மேடும் பள்ளமுமான செம்மண் நிலம் தலைதூக்குகிறது. இந்த மேட்டு நிலத்தைத்தான் குமரி மாவட்ட மக்கள் 'விளை' என்று அழைக்கின்றனர். ஊர்ப் பெயர்கள் பலவற்றின் ஈற்றில் இச்சொல் ஒட்டிக்கொண்டிருப்பதே, விளைக்கும் இம்மக்களின் வாழ்வுக்கும் உள்ள நெருக்கத்தை உணர்த்தப் போதுமானது.

நெல்லைச் சீமையில் வீடுகள் தெருத்தெருவாகத் தோளோடு தோள் சேர்ந்து நிற்கும். இங்கோ ஒவ்வொரு வீடும் தன் விளையின் நடுவே தனித்து நிற்கும். ஆதலால், பங்கு வீடுகளைச் சந்திக்க நாம் புறப்படும்போதெல்லாம், வீட்டு வாசலை அடையுமுன் ஒரு தோட்டத்தைக் கடந்தே செல்ல வேண்டியிருக்கிறது. அடுக்களையில் அன்று என்ன வேகிறது என்பதைக் கூட வழியிலேயே ஓரளவு ஊகித்துவிடலாம். புதிதாகக் கிளறிய மண் தென்பட்டால் கிழங்கு. குலை வெட்டிய வாழை சாய்ந்து கிடந்தால் வாழைத்தண்டும் பூவும். முருங்கையடியில் கம்பும் கொக்கியும் சாய்த்து வைத்திருந்தால் சொல்லவே வேண்டா.

இவ்விளைகளை நின்று நோக்குவோர்க்கு முதலில் அவை ஒழுங்கற்ற காடுபோலத் தோன்றலாம். உற்று நோக்கினாலோ அங்கே மாடி மாடியாக அமைந்ததோர் ஒழுங்கு புலனாகும். உயரத்தில் தென்னை, அதற்குக் கீழே பலாவும் மாவும் அயினியும், அவற்றின் தண்டைப் பற்றியேறும் நல்லமிளகுக் கொடி, இடையிலே முருங்கையும் வாழையும், நிழலைப் பொறுத்துக்கொள்ளும் சேனை, சேம்பு, மஞ்சள், இஞ்சி ஆகியவை அடியிலே. காச்சில் கொடி அருகிலுள்ள மரத்தில் ஏறிக்கொள்ளும். வெயில் விழும் இடம் கீரைக்கும் மிளகாய்க்கும் பயற்றுக்கும் உரியது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டும் இம்மாவட்டத்துக்கு வாய்த்திருப்பதால், ஆண்டின் பெரும்பகுதியில் ஏதேனும் ஒன்று பறிப்பதற்கோ தோண்டுவதற்கோ ஆயத்தமாய் இருக்கும். பாத்திரம் கழுவிய நீர் வாழைக்கும், அடுப்புச் சாம்பல் வெள்ளரிக்கும் கீரைக்கும், மாட்டுச் சாணம் கிழங்குக் குழிக்கும் செல்லும். இங்கே அடுக்களை விளைக்குக் கொடுக்கிறது. விளை அடுக்களைக்குத் திருப்பித் தருகிறது.

இவற்றுள் இம்மாவட்ட மக்களின் உயிரைக் காத்த பயிர் என்று ஒன்றைச் சுட்டவேண்டுமாயின், மரச்சீனிக் கிழங்கையே சுட்டவேண்டும். மரவள்ளி என்றும் கப்பை என்றும் வழங்கும் இது நம் நாட்டுப் பயிரன்று, தென்னமெரிக்காவில் தோன்றியது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இக்கிழங்கை மக்களிடையே பரப்பினார் என்பது வரலாறு. இன்றைய குமரி மாவட்டம் 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை திருவிதாங்கூர்ப் பகுதியோடு சேர்ந்திருந்தது ஆதலின், இங்கும் அது வேரூன்றியது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல் பர்மா வீழ்ச்சியுற்று அந்நாட்டு அரிசியின் வரவு நின்றபோது, எத்தனையோ குடும்பங்களின் பசியை ஆற்றியது இக்கிழங்கே. பஞ்ச காலத்தை நேரில் கண்ட முதியோர் பலர், கிழங்கை ஏழையின் உணவென்று இழித்துரைக்க ஒருபோதும் ஒப்பியதில்லை. திருவனந்தபுரத்தை அடுத்த ஸ்ரீகாரியத்தில் 1963-ஆம் ஆண்டில் மத்தியக் கிழங்குப் பயிர் ஆய்வு நிலையம் நிறுவப்பெற்றதும், இப்பகுதியில் கிழங்குகளுக்குள்ள மதிப்பை நமக்கு விளக்கும்.

இக்கிழங்கைச் சமைப்பதில் நம் அன்னையர் கையாளும் முறை அறிவுக்கு முற்றும் பொருந்துவது. தோலையும் உள்தோலையும் உரித்து, துண்டுகளாக்கி, நிறைய நீரில் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டிவிடுவர். மரச்சீனியில் சயனைடு நஞ்சை வெளிவிடும் பொருள் ஒன்று உண்டு. கசப்பு வகைகளில் அது மிகுதி. நன்றாக வேகவைத்து நீரை வடிப்பதால் அதன் பெரும்பகுதி நீங்குகிறது. பச்சைக் கிழங்கைத் தின்பதும், இலையை ஆடுமாடுகள் மேய விடுவதும் ஆபத்தானவை. சேனையின் அரிப்புக்கும் அவர்களிடம் மருந்துண்டு: புளி சேர்த்து வேகவைப்பர். வேதியியல் படியாத பெண்களிடம் தலைமுறை தலைமுறையாக வழங்கிவந்த இவ்வறிவை, கைப்பழக்கம் என்று சொல்லி நாம் எளிதாகக் கடந்துவிடலாகாது.

ஒரு நாளின் உணவை எண்ணிப் பார்ப்போம். காலையில் அவித்த மரச்சீனி. அதனோடு சிறிய உள்ளியும் வற்றல் மிளகாயும் உப்பும் சேர்த்து அரைத்துத் தேங்காயெண்ணெய் விட்ட சம்மந்தி. நண்பகலில் சோற்றுக்கு அவியல். வாழைக்காய், சேனை, முருங்கைக்காய், தடியங்காய், வெள்ளரிக்காய், பயற்றங்காய், வழுதுணங்காய் என்று விளையில் கிடைப்பவற்றையெல்லாம் ஒரே நீளத்தில் அரிவர். வேக நேரமாகும் சேனையை முதலிலும், விரைவில் குழையும் வெள்ளரியைக் கடைசியிலும் இடுவர். தேங்காய், சீரகம், பச்சைமிளகாய் ஆகியவற்றை ஒன்றிரண்டாக அரைத்துச் சேர்ப்பர். புளிப்புக்குத் தயிரோ மாங்காயோ போதும். இறக்கியபின் பச்சைத் தேங்காயெண்ணெயும் கறிவேப்பிலையும். எந்தக் காயும் தனியே ஒரு கறிக்குப் போதாத நாளில், எல்லாக் காயும் சேர்ந்து ஒரு குடும்பத்துக்குப் போதுமாகிவிடும் விந்தை அவியலில் உண்டு.

தீயல் வேறொரு வகை. துருவிய தேங்காயைக் கருஞ்சிவப்பாகும் வரை பொறுமையாய் வறுத்து, மல்லியும் மிளகாயும் சேர்த்து வெண்ணெய்போல் அரைத்து, புளிக்கரைசலில் கொதிக்கவிடுவர். பாகற்காயின் கசப்பும் அதிலே இணங்கிப்போகும். கீரை, வாழைப்பூ, பச்சைப் பப்பாளி முதலியவை துவரனாகும். பலாக் காலத்தில் பிஞ்சும் சுளையும் மட்டுமின்றி, சக்கைக்குருவும் முருங்கைக்காயோடும் மாங்காயோடும் சேர்ந்து குழம்பாகும். தை பிறக்கும்போது சிறுகிழங்கு வரும். கடலோரப் பங்குகளிலிருந்து மீன் சுமந்து உள்நாட்டுக்கு வரும் பெண்கள் இந்த உணவை நிறைவு செய்தவர்கள். மரச்சீனியில் மாச்சத்து மிகுதி. புரதமோ மிகக் குறைவு. அதனை மீன்குழம்போடும் பயற்றோடும் உண்ணும் வழக்கம், நாவுக்கு மட்டுமன்று, உடலுக்கும் ஏற்றதாக அமைந்துவிட்டது.

பத்து சென்ட் விளையைத் தனியே பேணும் மூதாட்டி ஒருவரை நாம் அறிவோம். மக்கள் இருவரும் வெளியூர்களில் வேலையில் இருக்கின்றனர். "சாமி, சந்தைக்குப் போனால் காசு போகும், விளைக்குப் போனால் கறி வரும்" என்பார் அவர். ஆனால் சிரிப்பினிடையே மற்றொன்றும் சொன்னார்: "பறிப்பதற்கு ஆளுண்டு சாமி, தின்பதற்குத்தான் ஆளில்லை." ஒருவருக்காக அவியல் வைப்பது எவ்வாறு? ஏழு காயில் ஒவ்வொரு துண்டு போட்டாலும் சட்டி நிறைந்துவிடுமே! ஆகவே, அவர் அவியல் வைக்கும் நாளில் வேலிக்கு அப்பாலுள்ள இரண்டு வீடுகளுக்கும் கிண்ணம் போகிறது. கிண்ணம் வெறுமையாய்த் திரும்புவதில்லை. ஒரு சீப்பு மட்டிப் பழமோ, ஒரு பிடி முருங்கைக்கீரையோ அதிலே திரும்பி வருகிறது. 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற அந்த மட்டிப் பழத்தை, அயல் வீட்டார் விலை பேசாமலே இவ்வாறு கொடுத்துவருகின்றனர்.

இன்று இவ்விளைகள் சுருங்கி வருகின்றன. பல இடங்களில் இரப்பர் மரங்கள் நெருக்கமாக நின்று நிழல் விரிக்கின்றன. அம்மரம் குடும்பங்களுக்குப் பணம் தந்தது, பிள்ளைகளைப் படிக்கவைத்தது, அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் இரப்பர்ப் பாலைக் குழம்பில் ஊற்ற இயலாது. பாகம் பிரிந்து பிரிந்து துண்டான நிலத்தில் பெரிய வீடுகள் எழுகின்றன. எஞ்சிய முற்றத்தையும் சிமெண்டுக் கற்கள் மூடிவிடுகின்றன. அதன்பின் கறிவேப்பிலைக்கும் கடைக்குச் செல்லும் நிலை வருகிறது. 2017-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயல் இம்மாவட்டத்தைத் தாக்கியபோது, வாழைகளும் இரப்பர் மரங்களும் பெருமளவில் சாய்ந்தன. மின்சாரம் நாட்கணக்கில் நின்றது. கடலிலே பலர் மாண்டனர். மரங்களை முறித்த அந்தக் காற்று, மண்ணுக்குள் கிடந்த கிழங்கை எட்டவில்லை. விளையில் கிழங்கு வைத்திருந்த வீடு, கடை திறக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இங்கே ஓர் உண்மையையும் வெளிப்படையாகக் கூறுதல் நம் கடமை. தோட்டத்துக் காய் இலவசமாகக் கிடைத்ததென்று குடும்பத் தலைவர்கள் பெருமை பேசுவதுண்டு. அஃது இலவசமன்று. நீர் இறைத்ததும், களை பறித்ததும், தேங்காய் துருவியதும், அம்மியில் அரைத்ததும் பெரும்பாலும் ஒரே பெண்ணின் கைகள். அவள் முதுகு கொடுத்த விலை எந்தக் கணக்கிலும் எழுதப்படவில்லை. விளைகள் அழிவதற்கு இரப்பரும் சிமெண்டும் மட்டும் காரணமல்ல. தனியொருத்தியால் இனியும் இயலாமற்போவதும் ஒரு காரணமே. ஆண்மக்கள் மண்வெட்டியையும், பிள்ளைகள் பூவாளியையும் எடுக்காத வீட்டில், அந்த அன்னையின் காலத்துக்குப் பின் விளையும் மறைந்தே தீரும். கணவன் குழி வெட்ட, மகன் நீர் ஊற்ற, மகள் அரிய, அன்னை அரைக்க என்று பங்கிட்டுக்கொண்ட உணவை எல்லாரும் ஒன்றாய் அமர்ந்து உண்ணும்போதுதான் அது குடும்ப உணவு என்ற பெயருக்குத் தகுதி பெறுகிறது.

பத்து சென்ட் இல்லாதோரும் மனந்தளர வேண்டா. கிணற்றடியில் ஒரு முருங்கைக் கம்பு, சுவரோரத்தில் ஒரு கறிவேப்பிலை, பழைய வாளியில் நான்கு மிளகாய்ச் செடி, அரைச் சாக்கு மண்ணில் தண்டங்கீரை. இவ்வளவுக்கு இடமில்லாத வீடு அரிது. கீரை ஒரு திங்களுக்குள் சட்டிக்கு வந்துவிடும். பிள்ளைகளுக்கு முதலில் அதனையே கொடுங்கள். அவர்கள் கையால் விதைத்த கீரையை அவர்கள் வேண்டாமென்று ஒதுக்குவதை நாம் இதுவரை கண்டதில்லை.

சற்றே நிலம் உடையோர் வரும் மாசித் திங்களில் ஒரு சேனை நடுங்கள். முளைக்கண் அமைந்த ஒரு துண்டை வெட்டி, சாணக் கரைசலில் தோய்த்து நிழலில் உலர்த்தி, சாம்பலும் தொழுவுரமும் இட்ட குழியில் புதைத்து, காய்ந்த இலைகளால் மூடிவிடுங்கள். கோடைமழையில் அது குடைபோல் விரியும்; கார்த்திகை, மார்கழியில் தண்டு பழுத்துச் சாயும். அப்போது வீட்டார் எல்லாரும் கூடி நின்று தோண்டுங்கள். அந்த ஒரு கிழங்கை ஒரே நாளில் ஒரு குடும்பம் உண்டு தீர்க்க இயலாது. அயல் வீட்டுக்கும் ஒரு துண்டு கொடுத்தே ஆகவேண்டும்.