வாங்கின் நுனியில் ஒரு சிறுமி

1984ஆம் ஆண்டின் மாரிகாலத்து மாலைப் பொழுதொன்று. வடபகுதிக் கிராமமொன்றிலே நாம் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டு இரண்டு ஆண்டுகள்கூட நிறைந்திருக்கவில்லை. மணி அடித்துப் பிள்ளைகள் கலைந்து சென்ற பின்பும் ஐந்தாம் வகுப்புச் சிறுமியொருத்தி வாங்கின் நுனியிலே அமர்ந்திருந்தாள்.

"ஏன் பிள்ளை, வீட்டுக்குப் போகேல்லையோ?" என்று கேட்டோம்.

"வீட்டிலை மாமா நிற்பார், சேர்."

"மாமாவெல்லோ, அதுக்கென்ன பயம்? மழை வரப் போகுது, கெதியாய் ஓடு."

அவள் எழுந்து போனாள். அடுத்த தவணையில் அவள் பாடசாலைக்கு வரவில்லை. காரணத்தை ஊர் காதோடு காதாகப் பேசிற்று. பின் அதையும் நிறுத்திக் கொண்டது. சிறுமியைத் தொலைவிலிருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாமனோ வழமைபோலக் கோயிற் திருவிழாவிலே முன்வரிசையில் நின்றார். குடும்ப மானம் காப்பாற்றப்பட்டுவிட்டது என்று பெரியவர்கள் ஆறுதலடைந்தனர். அந்த ஆறுதலில் எமக்கும் பங்கிருந்தது. நாமும் வாய் திறக்கவில்லை.

ஒரு குழந்தை தனக்கு நேர்ந்த கொடுமையை ஒருபோதும் முழுவாக்கியமாகச் சொல்வதில்லை என்பதை நாம் மிகவும் பிந்தியே அறிந்தோம். அச்சிறுமி எம்மிடம் வருவதற்கு ஓராண்டின் முன்பே, 1983இல், ரோலண்ட் சமிட் என்னும் அமெரிக்க உளமருத்துவர் இதனை விளக்கியிருந்தார். இரகசியம் பேணுமாறு மிரட்டப்படும் பிள்ளை தன் கையாலாகாத நிலையை உணர்கின்றது. வேறு வழியின்றி அதற்கே பழகிக்கொள்கின்றது. காலந் தாழ்த்தி, தயங்கித் தயங்கிச் சொல்கின்றது. வீடு குழம்புவதைக் கண்டதும் சொன்னதையே மறுத்தும் விடுகின்றது. நாமோ தயக்கத்தைப் பொய்யென்கிறோம். மறுப்பை அப்பொய்க்குச் சான்றென்கிறோம்.

குற்றவாளி இருளில் வரும் அந்நியன் என்பதும் நாம் வளர்த்துவரும் பொய்களில் ஒன்று. பெரும்பாலும் அவன் பிள்ளைக்கு அறிமுகமானவன். உறவினன், அயலவன், வாத்தியார், வணக்கத்துக்குரியவன். "பெரியவர் சொல்லைத் தட்டாதே" என்று நாம் புகட்டும் பணிவே அவனுக்கு ஆயுதமாகிறது.

சட்டமும் நெடுங்காலம் உறங்கியே கிடந்தது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, பெண்பிள்ளையின் சம்மத வயதைப் பன்னிரண்டு என வகுத்திருந்தது. 1995இல் வந்த திருத்தமே அதனைப் பதினாறாக உயர்த்திற்று. நெருங்கிய உறவினர் புரியும் பாலியற் கொடுமையைத் தனிக் குற்றமாக்கியதும் அத்திருத்தமே. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டம் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையை ஏற்படுத்திற்று.

அதிபராக நாம் இருந்த காலத்தில், 2006இல், எட்டு வயதுச் சிறுவனொருவன் எம்மிடம் வந்தான். "ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணுங்கோ, சேர்" என்றான். இம்முறை நாம் சத்தியம் செய்யவில்லை. "உன்னைப் பாதுகாக்கக் கூடியவர்களுக்கு மட்டும் சொல்லுவம்" என்றோம். குறுக்குக் கேள்வி கேளாது, அவன் சொன்னதை அவன் சொற்களிலேயே எழுதிக்கொண்டு, சிறுவர் நன்னடத்தை உத்தியோகத்தருக்கு அறிவித்தோம்.

வந்தவர் ஓர் இளம் பெண். கதிரையை விலக்கிவிட்டுச் சிறுவனோடு நிலத்திலே அமர்ந்தார். விடையைத் தன் வினாவிலே வைத்து அவர் கேட்கவில்லை; "பிறகு என்ன நடந்தது?" என்று மாத்திரம் கேட்டார். புறப்படுமுன், "இதிலை உன்ரை பிழை ஒண்டுமில்லை" என்றார். பின்னர் தாயிடம் நெடுநேரம் பேசினார். மகனை நம்புவதா, சோறு போடும் மைத்துனனை நம்புவதா என்று தவித்த அத்தாய் இறுதியில் மகனின் பக்கம் நின்றாள். அவன் மீண்டும் கிளித்தட்டு விளையாடியதற்கு மருந்தைவிட அதுவே முதற் காரணம் என்பது எமது துணிபு. 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கையில் ஜோன் போல்பி வலியுறுத்தியதும் இதற்கு அண்மையானதே: தாயுடனோ தாய்போன்ற ஒருவருடனோ நிலைக்கும் அன்புறவு இன்றிக் குழந்தையின் மனம் நலமாக வளராது.

எனினும் அச்சிறுவன் பொலிஸ் நிலையத்தில் ஒருமுறை, சட்ட வைத்திய அதிகாரியிடம் ஒருமுறை, நீதிமன்றத்தில் பன்முறை என அதே கதையைச் சொல்ல நேர்ந்தது. வழக்கு முடியுமுன் அவன் குரல் உடைந்து இளைஞனாகிவிட்டான். காயத்தைக் கழுவ வேண்டிய கைகளே அதனை மீண்டும் மீண்டும் கிளறுவது நீதியாகுமா? 1998இல் ஐஸ்லாந்து நாடு சிறுவருக்கென ஓர் இல்லத்தைத் திறந்தது. பொலிஸ், மருத்துவர், சமூகப் பணியாளர் யாவரும் அங்கே பிள்ளையிடம் வருகின்றனர்; பிள்ளை அவர்களைத் தேடி அலைவதில்லை. பயிற்சி பெற்ற ஒருவர் வினவ, ஏனையோர் மறு அறையிலிருந்து கேட்கின்றனர், அப்பதிவே சாட்சியாகிறது. எமது நாட்டிலும் 1999ஆம் ஆண்டின் சான்றுச் சட்டம் பிள்ளையின் ஒளிப்பதிவு வாக்குமூலத்துக்கு இடமளித்துள்ளது. சட்டம் திறந்த வாசல் ஒவ்வொரு மாவட்டப் பிள்ளைக்கும் எட்ட வேண்டும். அதற்குப் பணமும் பயிற்சியும் வேண்டும். அவற்றைக் கேட்கும் மக்கள் குரலும் வேண்டும்.

அதுவரை நாம் வாளாவிருக்க வேண்டியதில்லை. உடலின் உறுப்புகளுக்குரிய பெயரைக் கூசாமற் சொல்லிக் கொடுப்போம். விருப்பமில்லாத அணைப்பை, அது பெரியவருடையதாயினும், மறுக்கப் பிள்ளைக்கு உரிமையுண்டு என்போம். 1929 என்ற தொலைபேசி இலக்கத்தை வகுப்பறைச் சுவரிலே எழுதி வைப்போம்.

அன்று வாங்கின் நுனியிலிருந்த சிறுமி இன்று ஐம்பது வயதைக் கடந்திருப்பாள். "மாமா நின்றால் என்ன, பிள்ளை?" என்ற ஒரு கேள்விக்காக அவள் காத்திருந்தாள். நாம் மழையைக் காட்டி அனுப்பிவிட்டோம். இதனை வாசிக்கும் ஆசிரிய நண்பர்களே, நாளை உங்கள் வகுப்பு முடிந்ததும் ஒரு கணம் திரும்பிப் பாருங்கள். யாரேனும் ஒரு பிள்ளை இன்னும் எழுந்து போகாமல் இருக்கக்கூடும்.